கண் சிவந்தால் சிறுநீரையும் பாருங்கள்

முருங்கைக்காயும் கறிவேப்பிலையும் வாங்க ஐ.என்.ஏ. மார்க்கெட்டுக்குப் போகிற தில்லித் தமிழர்களுக்குத் தெரியும், மெட்ரோவில் அடுத்த ஸ்டேஷன் எய்ம்ஸ். கண்ணுக்கென்று ராஜேந்திர பிரசாத் மையம் அங்கே இருக்கிறது. சிறுநீரகத்துக்குத் தனிப் பிரிவு. இந்த இரண்டு இடத்துக்கும் ஒரே பிள்ளையைக் கூட்டிப்போக வைக்கிற நோய் ஒன்று உண்டு. 1975இல் டாப்ரின் என்ற மருத்துவரும் அவருடைய சகாக்களும் இரண்டு வளரிளம் பெண்களிடம் கண்டு எழுதிய 'டினு' (TINU) நோய். கண்ணுக்குள்ளும் சிறுநீரகத்திலும் அழற்சி வருவதுதான் அது.

மெட்ராஸ் ஐ என்று விட்டுவிடாதீர்கள்

மெட்ராஸ் ஐ என்றால் கண்ணில் பூளை தள்ளும். டினுவில் பூளை இருக்காது. கண் சிவக்கும், வலிக்கும், வெளிச்சத்தைப் பார்த்தால் கூசும். பெரும்பாலும் இரண்டு கண்ணிலும். ஸ்லிட் லேம்ப் கருவியில் மோவாயை வைக்கச் சொல்லி டாக்டர் பார்க்கும்போது, ஓட்டுக்கூரை இடுக்கில் விழும் வெயிலில் தூசி மிதப்பதுபோல, கண்ணுக்குள் வெள்ளணுக்கள் மிதப்பது தெரியும். கடையில் நீங்களாக ஸ்டீராய்டு சொட்டு மருந்து வாங்கி விட்டால் சிவப்பு அடங்கிவிடும், நோய் உள்ளேயே மறைந்திருக்கும். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள்.

சிறுநீரகம் சத்தம் போடாது

சிறுநீரகத்தின் நுண்குழாய்களும் அவற்றைச் சுற்றிய திசுவும் அழற்சியால் வீங்குவதுதான் இந்த நோயின் மறுபாதி. வலி இருக்க வேண்டுமென்பதில்லை. காய்ச்சல் விட்டுவிட்டு வரும், சாப்பாடு இறங்காது, எடை குறையும், பிள்ளை சோர்ந்து கிடக்கும். பரீட்சை பயம் என்று வீட்டில் நினைத்துக்கொள்வோம். ரத்தத்தில் சர்க்கரை சரியாக இருக்கும், சிறுநீரில் மட்டும் சர்க்கரை தெரியும்; குழாய்கள் அதைத் திரும்ப உறிஞ்ச முடியாமல் போவதால் வருவது அது. சிறுநீர்ப் பரிசோதனையும் ரத்தத்தில் கிரியேட்டினின் அளவும் பார்த்தால் துப்புக் கிடைத்துவிடும். சிலருக்கு வலி மாத்திரையோ ஆன்டிபயாட்டிக்கோ சாப்பிட்ட பிறகு தொடங்கியிருக்கிறது. ஆகவே என்னென்ன மாத்திரை கொடுத்தீர்கள் என்பதை மறைக்காமல் சொல்லுங்கள்.

குணமான பிறகும்

பிள்ளைகளுக்குச் சிறுநீரகம் பெரும்பாலும் தேறிவிடும், தேவைப்பட்டால் ஸ்டீராய்டு கொடுப்பார்கள். கண்தான் பிடிவாதம் பிடிக்கும். திரும்பத் திரும்ப வரும். சிறுநீரகம் பாதித்து ஓராண்டு கழித்துக்கூடக் கண்ணில் தொடங்கலாம், சில சமயம் சிவப்பே இல்லாமல். அதனால் சிறுநீரக டாக்டரிடம் காட்டுகிற பிள்ளையை, கண் நன்றாகத் தெரிகிறது என்று சொன்னாலும், கண் டாக்டரிடமும் காட்டுங்கள். இரண்டு ஓ.பி. சீட்டையும் ஒரே ஃபைலில் வைத்து இரண்டு பேரிடமும் நீட்டுங்கள்.