பக்கா பில்லும் நல்ல ஒலியும்

மும்பையில் தாராவி 90 அடி ரோட்டிலிருந்து சயான் ஸ்டேஷனுக்கு நடந்து வருகிறவர் கண்ணில் இயர்போன் படாமல் இருக்காது. மொபைல் கடை வாசலில், தள்ளுவண்டியில், பிளாட்பாரத்தில் விரித்த துணியில் என்று கொத்துக்கொத்தாகக் கிடக்கும். நூறு ரூபாய்க்கு ஒன்று, ஏறக்குறைய அதே உருவில் இரண்டாயிரம் ரூபாய்க்கு ஒன்று. விலை கேட்டால் ‘கம்பெனி மால்’, அதாவது அசல் சரக்கு, என்பார்கள். பில் கேட்டால் ‘இந்த ரேட்டுக்கு பில் எல்லாம் வராது’ என்பார்கள். நல்ல ஒலி கேட்க ஆசைப்பட்டுக் காசைக் கொடுப்பவர் ஏமாறுவது பெரும்பாலும் இந்த இரண்டு பேச்சுக்கும் நடுவில்தான்.

முதலில், பாட்டு கேட்கத் தனிக் கருவி தேவையா என்பதை முடிவு செய்துகொள்ளுங்கள். 1979இல் சோனி வாக்மேன் வந்தது, 2001இல் ஆப்பிளின் ஐபாட் வந்தது. ஐபாடை ஆப்பிள் 2022 மே மாதத்தோடு நிறுத்திக்கொண்டது. அதோடு பிளேயர் காலம் முடிந்துவிடவில்லை. சோனி இன்றும் வாக்மேன் என்ற பெயரிலேயே டிஜிட்டல் பிளேயர் செய்கிறது. சீனாவின் ஃபியோ, ஹைபி, கொரியாவின் ஆஸ்டெல் அண்ட் கெர்ன் போன்றவற்றுக்கும் ரசிகர் கூட்டம் உண்டு. விலை சில ஆயிரத்தில் தொடங்கி லட்சத்தையும் தாண்டும்.

ஓரளவு நல்ல போன் வைத்திருக்கிற பெரும்பாலோருக்கு இது வேண்டாத செலவு என்பது என் கருத்து. டிஜிட்டல் பாட்டைக் காதுக்கேற்ற மின்னலையாக மாற்றும் சில்லு இப்போது சாதாரணக் கருவிகளிலேயே நன்றாக வேலை செய்கிறது. ஒலியின் குணத்தை அதிகம் தீர்மானிப்பது காதில் மாட்டும் இயர்போன்தான். பத்தாயிரம் ரூபாய் ஒதுக்கியிருந்தால் அதில் பெரும்பங்கை அதற்குக் கொடுங்கள். போனில் ஜாக் இல்லாவிட்டால் யு.எஸ்.பி.-சி டாங்கிள் ஒன்று போதும்.

விதிவிலக்கு உண்டு. தரம் குறையாமல் சுருக்கிய ஃபிளாக் கோப்புகளாகப் பாட்டுச் சேமித்து வைத்திருப்பவர், 300 ஓம் போன்ற உயர் மின்தடை ஹெட்போன் வைத்திருப்பவர், படிக்கிற பிள்ளையின் கையில் போனைக் கொடுக்க விரும்பாதவர் ஆகியோருக்குத் தனி பிளேயர் பொருத்தம். வயதானவர்களுக்கும்தான். சரிகமா நிறுவனம் 2017இல் கொண்டுவந்த கார்வான் பிளேயரின் தமிழ்ப் பதிப்பில் 5000 பாட்டு ஏற்றியிருப்பார்கள். திருகினால் பாடும், இணையம் வேண்டாம். நுணுக்கமான ஒலிக்காக அதை வாங்குவதில்லை, வசதிக்காக வாங்குகிறோம். அந்த வேறுபாடு தெரிந்து வாங்கினால் ஏமாற்றம் இல்லை.

மெமரி கார்டில் ‘ஆயிரம் இளையராஜா ஹிட்ஸ்’ ஏற்றித் தரும் கடை வேறு கதை. உரிமையாளர் அனுமதியின்றிப் பாட்டைப் பிரதி எடுத்து விற்பது 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி குற்றம். அது ஒருபுறம் இருக்கட்டும். அப்படி ஏற்றும் பாட்டு பலமுறை சுருக்கப்பட்டு நைந்துபோனதாக இருக்கலாம். அதை எந்த உயர்ந்த பிளேயரில் போட்டாலும் போன நயம் திரும்பாது. கார்டே போலியாக இருப்பதும் உண்டு. மேலே 512 ஜி.பி. என்று அச்சு, உள்ளே அதில் சிறு பங்கு. முதல் சில நூறு பாட்டு ஒழுங்காக ஏறும், பிறகு ஏற்றியவை திறக்காது. வாங்கிய அன்றே கார்டை முழுக்க நிரப்பித் திரும்பப் படித்துப் பார்க்க வேண்டும். அதற்கென்றே கணினியில் எச்2டெஸ்ட்டபிள்யூ, எஃப்3 என்ற இலவச மென்பொருள்கள் உள்ளன.

பெட்டி மேல் அச்சிட்டிருப்பதை எவ்வளவு நம்பலாம்? உள்ளங்கையில் அடங்கும் ஸ்பீக்கருக்கு ‘5000 வாட்ஸ் பி.எம்.பி.ஓ.’ என்று போட்டிருந்தால் சிரித்துவிட்டு நகரலாம். வீட்டு மிக்ஸியே பெரும்பாலும் ஆயிரம் வாட்ஸைத் தாண்டுவதில்லை. பி.எம்.பி.ஓ. என்பதற்கு ஒப்புக்கொண்ட அளவுமுறை எதுவும் கிடையாது, விற்பவர் வாய்க்கு வந்ததுதான் கணக்கு. தொடர்ந்து தரக்கூடிய ஆற்றலைக் காட்டும் ஆர்.எம்.எஸ். வாட்ஸ் எவ்வளவு என்று கேளுங்கள். பொன்னிற ‘ஹை-ரெஸ் ஆடியோ’ முத்திரை ஜப்பான் ஆடியோ சங்கத்துக்குச் சொந்தமானது. உரிமம் பெற்றவர்தான் அதை ஒட்டலாம், ஆனால் ஸ்டிக்கர் அடிப்பது யாருக்கும் கடினமில்லை. எல்டாக் என்ற புளூடூத் முறையைப் பெரிதாக விளம்பரம் செய்வார்கள். இயர்போன், போன் இரண்டிலும் அது இருந்தால்தான் பயன். ஐபோனில் எல்டாக் இல்லை.

சயான், மாட்டுங்கா வாசிகளுக்கு இந்த எண்களைவிட நம்பகமான அளவுகோல் ஒன்று பக்கத்திலேயே இருக்கிறது. சயான் கிழக்கில் சண்முகானந்தா அரங்கில் கச்சேரி கேட்டுப் பழகியவருக்குக் குரலும் மிருதங்கமும் எப்படி ஒலிக்கும் என்பது காதிலேயே பதிந்திருக்கும். கடைக்குப் போகும்போது நன்றாகத் தெரிந்த ஒரு கச்சேரிப் பதிவையும், நூறு தடவை கேட்ட ஒரு சினிமாப் பாட்டையும் போனில் கொண்டுபோங்கள். தம்புரா நாதம் வெறும் இரைச்சலாகக் குழைகிறதா, மிருதங்கத்தின் தொப்பி வீங்கி வலந்தலையை விழுங்குகிறதா, பாடுகிறவர் ‘ஸ’ என்கிறபோது காதில் சீறுகிறதா என்று பாருங்கள். இரண்டு இயர்போனை ஒப்பிடும்போது இரண்டிலும் சத்த அளவு ஒன்றாக இருக்கட்டும். கொஞ்சம் சத்தமாக ஒலிப்பதே நல்லது என்று காது நம்பிவிடும். விற்பவர்களுக்கு இது நன்றாகத் தெரியும்.

இனி போலி மால். கடைக்காரர்கள் இதை ‘ஃபர்ஸ்ட் காப்பி’ என்று கௌரவமாகச் சொல்வார்கள். மற்றவர் வணிகச் சின்னத்தைப் போலியாக ஒட்டி விற்பதற்கு 1999ஆம் ஆண்டு வணிகச் சின்னச் சட்டத்தில் ஆறு மாதம் முதல் மூன்று ஆண்டு வரை சிறைத் தண்டனை உண்டு. நமக்கு முக்கியம், வாங்கும் முன் கண்டுபிடிப்பது. ஒயர் இல்லாத இயர்போன், ஹெட்போன், புளூடூத் ஸ்பீக்கர் ஆகியவற்றை இந்தியத் தர நிர்ணய அமைவனமான பி.ஐ.எஸ்.ஸில் பதிவு செய்யாமல் இங்கே விற்கக் கூடாது. பெட்டியிலோ கருவியிலோ பி.ஐ.எஸ். முத்திரையும், ‘ஆர்’ என்ற ஆங்கில எழுத்தோடு தொடங்கும் எட்டு இலக்கப் பதிவு எண்ணும் இருக்க வேண்டும். ‘பி.ஐ.எஸ். கேர்’ என்ற அரசுச் செயலியில் அந்த எண்ணைப் போட்டால் எந்த நிறுவனத்தின் எந்தப் பொருளுக்கானது என்று காட்டிவிடும். கடையில் நின்றபடியே பார்த்துவிடலாம். எண் வேறு கம்பெனியின் சார்ஜருக்கு உரியதாக வந்தால் இயர்போனைத் திரும்ப வைத்துவிட்டு வெளியே வாருங்கள்.

அதே பெட்டியில் தயாரித்தவர் அல்லது இறக்குமதி செய்தவர் பெயரும் முகவரியும், எந்த நாட்டில் செய்தது, செய்த மாதமும் ஆண்டும், எம்.ஆர்.பி., புகார் செய்யத் தொடர்பு எண் ஆகியவை இருக்க வேண்டும். 2011ஆம் ஆண்டுப் பொட்டலப் பொருள் விதிகள் இதைக் கட்டாயமாக்கியிருக்கின்றன. ‘துபாய் மால்’ என்று விற்கும் பிளேயர் அசலாகவே இருக்கலாம். ஆனால் இந்திய இறக்குமதியாளர் பெயர் இல்லாவிட்டால் பழுதானபோது இங்குள்ள சர்வீஸ் சென்டர் கைவிரித்துவிடக்கூடும்.

பில் விஷயத்தில் மும்பைக் கடைத்தெருவுக்கென்று ஒரு பாஷை உண்டு. ஜி.எஸ்.டி. எண்ணோடு அச்சடித்தது பக்கா பில். துண்டுச்சீட்டில் கிறுக்கித் தருவது கச்சா பில். ‘பக்கா பில் என்றால் 18 சதவீதம் ஜாஸ்தி ஆகும்’ என்பது வழக்கமான மிரட்டல். எம்.ஆர்.பி. என்பதே எல்லா வரியும் சேர்ந்த உச்ச விலை. அதற்கு மேல் வரி என்று ஒரு ரூபாய் கேட்டாலும் தவறு. பில் தராமல் இருப்பதையே 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் முறையற்ற வணிகம் என்கிறது.

பில்லில் ‘இயர்போன் - 1’ என்று மட்டும் எழுதியிருந்தால் பாதிப் பயன்தான். கம்பெனி பெயர், மாடல், சீரியல் எண், வாரண்டி எத்தனை மாதம் என்பதையும் எழுதச் சொல்லுங்கள். யு.பி.ஐ.யில் கட்டினால் பணம் போனதற்கு அத்தாட்சி கிடைக்கும், என்ன பொருள் வாங்கினீர்கள் என்பதற்குக் கிடைக்காது. ‘டெஸ்டிங் வாரண்டி’ என்று ஒன்று சொல்வார்கள். கடையில் ஒருமுறை ஓடிக் காட்டினால் அதோடு பொறுப்பு முடிந்தது என்று அர்த்தம். அதை வாரண்டி என்று எண்ணிக்கொள்ளாதீர்கள்.

‘விற்ற பொருள் திரும்பப் பெறப்பட மாட்டாது’ என்று பில்லின் அடியில் அச்சடித்திருந்தாலும் குறையுள்ள பொருளுக்கு அது செல்லாது. பில்லில் சொன்ன காலத்துக்குள், காலம் எதுவும் சொல்லாவிட்டால் 30 நாளுக்குள், குறையுள்ள பொருளைத் திரும்பப் பெற்றுப் பணத்தைத் தர மறுப்பதும் அதே சட்டத்தில் முறையற்ற வணிகம்தான். இதில் ஓர் எல்லையும் உண்டு. ‘ஒலி எனக்குப் பிடிக்கவில்லை’ என்பது குறை அல்ல. ஒரு பக்கம் கேட்கவில்லை, சார்ஜ் நிற்கவில்லை, பெட்டியில் சொன்ன வசதி இல்லை என்பவைதான் குறை. அதனால்தான் வாங்கும் முன்பே கேட்டுப் பார்க்கச் சொல்கிறேன்.

ஆன்லைனில் வாங்கும்போது தளத்தின் பெயரை மட்டும் பார்க்காதீர்கள், அதில் விற்பவர் யார் என்றும் பாருங்கள். 2020ஆம் ஆண்டு மின்வணிக விதிகளின்படி விற்பவர் விவரமும் பொருளின் நாடும் காட்டப்பட வேண்டும். தளத்தின் குறைதீர் அதிகாரி 48 மணி நேரத்துக்குள் புகாரைப் பெற்றதாக ஒப்புக்கொண்டு ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். பார்சலைப் பிரிக்கும்போது வீடியோ எடுத்து வையுங்கள். ‘ஏழு நாள் ரிட்டர்ன் முடிந்துவிட்டது’ என்றால் வாரண்டியும் முடிந்தது என்று பொருளில்லை.

கடைக்காரர் மறுத்தால் முதலில் வாட்ஸ்அப்பிலோ மின்னஞ்சலிலோ எழுத்தில் கேளுங்கள். வாய்ப்பேச்சுக்குச் சாட்சி இல்லை. பிறகு தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. தமிழிலும் பேசலாம், இந்தி, மராத்தி தடுமாறும் பெரியவர்களுக்கு இது பெரிய உதவி. 8800001915 என்ற எண்ணில் வாட்ஸ்அப்பிலும் புகார் பதியலாம். உதவி எண் தீர்ப்பு சொல்லாது, நிறுவனத்தோடு பேசித் தீர்த்துவைக்கப் பார்க்கும். முந்நூறு ரூபாய் இயர்போனுக்கு அதுவே போதும், அதற்கு மேல் அலைவது நஷ்டம்.

பதினைந்தாயிரம் ரூபாய் பிளேயர் என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம் வரை போகலாம். ஐந்து லட்சம் வரையிலான பொருளுக்குக் கட்டணம் கிடையாது, வக்கீலும் கட்டாயமில்லை. குறை தோன்றிய நாளிலிருந்து இரண்டு ஆண்டுக்குள் மனு கொடுக்க வேண்டும். பொருளை எந்த ஊரில் வாங்கியிருந்தாலும் நீங்கள் வசிக்கிற இடத்திலேயே கொடுக்கலாம். சயான், தாராவி, மாட்டுங்கா மும்பை நகர மாவட்டத்தில் வரும், செம்பூர் புறநகர் மாவட்டத்தில் வரும். இணைய வழியில் ‘இ-ஜாக்ருதி’ தளத்தில் பதியலாம். மூன்று மாதத்தில், பொருளைச் சோதனைக் கூடத்துக்கு அனுப்பினால் ஐந்து மாதத்தில், முடிக்க முயல வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. நடப்பில் அதைவிட இழுக்கலாம் என்று எண்ணியே இறங்குங்கள். 1975இல் தொடங்கிய மும்பை கிராஹக் பஞ்சாயத்து போன்ற நுகர்வோர் அமைப்புகளையும் அணுகலாம்.

பேட்டரி வெடித்துக் காயம் பட்டால் அது வாரண்டி தகராறு அல்ல. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் பொருள் பொறுப்பு அத்தியாயத்தின்படி தயாரிப்பாளரிடமும், சில சூழ்நிலைகளில் விற்றவரிடமும் நஷ்டஈடு கேட்கலாம். கருவியையும் பெட்டியையும் தூக்கி எறியாமல் வையுங்கள், மருத்துவச் சீட்டையும் சேர்த்து வையுங்கள். வெடிக்காமல் உப்பிக்கொண்டிருக்கிற பேட்டரியை மறுபடி சார்ஜில் போடாதீர்கள்.

எந்தச் சட்டமும் திருப்பித் தர முடியாத ஒன்று செவி. உலக சுகாதார நிறுவனமும் சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியமும் வகுத்த தரப்படி பெரியவர்கள் 80 டெசிபலில் வாரத்துக்கு 40 மணி நேரம் வரை கேட்கலாம். சிறுவர்களுக்கு 75 டெசிபல். மூன்று டெசிபல் கூடும்போதெல்லாம் நேரம் பாதியாகும். பெரியவர்களுக்கு 83இல் 20 மணி, 86இல் 10 மணி, 89இல் ஐந்தே மணி. லோக்கல் ட்ரெயின் இரைச்சலை மீறிக் கேட்க வால்யூமை ஏற்றுகிறவர் இந்தக் கணக்கை எளிதில் தாண்டிவிடலாம். காதுக்குள் சரியாகப் பொருந்தும் ரப்பர் முனை வெளிச்சத்தத்தைக் குறைக்கும், வால்யூமும் தானாக இறங்கும். சத்தத்தை ரத்து செய்யும் வசதிக்குக் கொடுக்கும் காசு இந்த ஊரில் வீண் அல்ல. ஆனால் தண்டவாளம் ஓரத்திலும் ரோட்டைக் கடக்கும்போதும் இரண்டு காதிலிருந்தும் இயர்போனைக் கழற்றிவிடுங்கள்.

பாட்டு நின்ற பிறகும் காதில் ‘கொய்ங்’ என்ற சத்தம் நீடித்தால், எதிரே பேசுவது புரியாமல் போனால், புது இயர்போன் தேடாமல் சயான் ஆஸ்பத்திரி என்று நாம் சொல்லும் லோக்மான்ய திலக் மாநகராட்சி மருத்துவமனையின் காது மூக்கு தொண்டைப் பிரிவுக்குப் போங்கள். திடீரென்று ஒரு காது கேட்காமல் போனால் அன்றே போக வேண்டும். தாமதித்தால் சிகிச்சை பலிக்கும் வாய்ப்பு குறையும்.