குழந்தை வளர்க்கத் தெரியாதவர்களா?

அட்டப்பாடியிலும் மூணாறிலும் ஏழைத் தாய்மாரின் தன்னம்பிக்கை, அறிவுரைகளைவிட அடுப்பையும் கூலியையுமே சார்ந்திருக்கிறது.

2013ஆம் ஆண்டு பாலக்காடு மாவட்டம் அட்டப்பாடியில் பழங்குடிக் கைக்குழந்தைகள் அடுத்தடுத்து இறந்தபோது, அமைச்சர்களும் மருத்துவர்களும் ஆய்வுக் குழுக்களும் மலையேறி வந்தனர். தாய்மாருக்கு ரத்தசோகை, பிறந்த குழந்தைகளுக்கு எடை போதவில்லை என்பது தெரியவந்தது. ஆனால் பழி பலமுறை தாய்மார் மீதே விழுந்தது: சாப்பிடத் தெரியவில்லை, பிள்ளை வளர்க்கத் தெரியவில்லை.

இருளர், முடுகர், குறும்பர் பெண்கள் கேழ்வரகும் சாமையும் துவரையும் கீரையும் கொடுத்துத் தலைமுறைகளை வளர்த்தவர்கள். வெளியார் குடியேற்றத்தில் நிலம் கைமாறியது. 1951இல் இங்கு பத்தில் ஒன்பது பேர் பழங்குடியினர். இன்று பாதிக்கும் குறைவு. நிலத்தோடு கேழ்வரகும் போய், ரேஷன் அரிசி வந்தது. எதைக் கொடுக்க வேண்டும் என்று தாய்க்குத் தெரியும். கொடுக்கத்தான் வீட்டில் இல்லை.

இறப்புகளுக்குப் பின் குடும்பஸ்ரீ பெண்கள் குழுக்கள் ஊர்களில் சமூகச் சமையலறைகளை நடத்தின. சிறுதானியச் சாகுபடியை மீட்கும் அரசுத் திட்டம் 2017இல் தொடங்கியது. அதன் பிறகும் சாவு நிற்கவில்லை. 2021 நவம்பரில் மீண்டும் சில குழந்தைகள் இறந்தன.

இடுக்கி மாவட்டம் மூணாறில் சிக்கல் வேறு. கொழுந்து பறிக்கும் தமிழ்ப் பெண்ணுக்குப் பகலெல்லாம் மலைச் சரிவில் வேலை. பிள்ளை யார் பொறுப்பில்? 1951ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டம் 50 பெண்கள் வேலை செய்யும் தோட்டத்தில் பிள்ளைக் காப்பகத்தைக் கட்டாயமாக்கியது. காப்பகம் இருந்தால் மட்டும் போதுமா? கூலியும் வேண்டுமே. 2015 செப்டம்பரில் ஆயிரக்கணக்கான பெண்கள் தொழிற்சங்கத் தலைவர்களை ஒதுக்கிவிட்டுத் தெருவில் அமர்ந்தனர். 'பெம்பிளை ஒருமை' என்று பெயர் பெற்ற அந்தப் போராட்டம் 20 சதவிகித போனஸை வென்றது. நாளுக்கு 232 ரூபாயாக இருந்த கூலியை 500 ஆக்கக் கேட்டார்கள், கிடைத்தது 301. லயத்து ஒற்றை அறையில் பிள்ளைகளோடு வாழும் பெண்கள், தங்களுக்காகத் தாங்களே பேரம் பேச முடியும் என்று கண்டுகொண்டார்கள்.

இரண்டு மலைகளிலும் தாய்மாருக்கு வகுப்பெடுக்க ஆட்கள் உண்டு. தாய்ப்பால், தடுப்பூசி, சத்துணவு பற்றிய அறிவுரைகள் தேவைதான். ஆனால் எடை பார்க்கும் நாளில் முள் கீழே நின்றால், "ஏனம்மா கவனிக்கவில்லை?" என்று கேட்கும் முன், நேற்று இரவு அவள் என்ன சாப்பிட்டாள் என்று விசாரிப்பதே முறை.