கயிறு உங்கள் கையில்!



சப்பை மூக்கு, உருண்டைக் கண், சுருண்ட வால். இப்படிச் சொன்னதுமே, "பக் நாய்தானே!" என்று கண்டுபிடித்திருப்பீர்கள்.

2003-ம் ஆண்டு ஹட்ச் செல்போன் நிறுவனத்தின் விளம்பரம் ஒன்று தொலைக்காட்சியில் வந்தது. ஒரு சிறுவன் எங்கே போனாலும் அவன் பின்னாலேயே ஒரு பக் நாய் போய்க்கொண்டிருக்கும். அதைப் பார்த்து மயங்கி, பக் நாய் வாங்கியவர்கள் நம் நாட்டில் ஏராளம். ஆனால், வீட்டில் இருக்கும் பக் நாயை நம் இஷ்டத்துக்கு ஓடவிடலாமா? கூடாது. அதிலும் தூத்துக்குடி போன்ற கடலோர ஊர்களில் கூடவே கூடாது. ஏன் தெரியுமா?

நாக்கும் உப்பளமும்

வெயிலில் விளையாடினால் நமக்கு உடம்பெல்லாம் வியர்க்கிறது. நாய்க்குப் பாதங்களில் மட்டும்தான் கொஞ்சம் வியர்க்கும். அதனால், அது நாக்கைத் தொங்கவிட்டு, 'ஹா... ஹா...' என்று இளைக்கிறது. அப்போது நாக்கிலும் மூக்கின் உள்ளேயும் உள்ள ஈரம் ஆவியாகி, உடம்புச் சூட்டையும் எடுத்துக்கொண்டு போகிறது.

ஒரு சின்ன சோதனை. புறங்கையில் ஒரு சொட்டுத் தண்ணீரைத் தடவி, மெதுவாக ஊதுங்கள். சில்லென்று இருக்கிறதா? அதே வேலைதான்.

தூத்துக்குடிப் பிள்ளைகளுக்கு உப்பளத்தைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். வெயிலும் வறண்ட காற்றும் இருந்தால், பாத்தியில் உள்ள நீர் வேகமாக ஆவியாகி உப்பு விளையும். காற்றில் ஈரம் கூடினால் வேலை மந்தமாகிவிடும். நாயின் நாக்கும் அப்படித்தான். கடலோரப் புழுக்கத்தில் எவ்வளவு இளைத்தாலும் உடம்புச் சூடு சீக்கிரம் இறங்காது.

மூக்கு குறைந்தது, சதை குறையவில்லை

பக்கத்து விருதுநகர் மாவட்டத்து சிப்பிப்பாறை நாயைப் பார்த்திருக்கிறீர்களா? நீண்ட, ஒடுங்கிய முகம். முயலைத் துரத்தி ஓடும் வேட்டை நாய் அது. மூச்சுக்காற்று போய்வர நல்ல வழி இருக்கிறது.

பக், சீன அரண்மனைகளில் மடியில் வைத்துக் கொஞ்சுவதற்காக வளர்க்கப்பட்ட இனம். சப்பை முகம் அழகு என்று நினைத்து, அப்படிப்பட்ட நாய்களையே மனிதர்கள் தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்தெடுத்துப் பெருக்கினார்கள். எலும்பு குட்டையானது. ஆனால், உள்ளே இருக்கும் சதை அந்த அளவுக்குக் குறையவில்லை. மூக்குத் துவாரம் குறுகல். தொண்டையில் மேலண்ணச் சதை தொங்கி வழியை அடைக்கும். பக் நாய் 'கொர்... கொர்...' என்று சத்தம் போடும்போது நாம் சிரிக்கிறோம். பல நேரங்களில் அது மூச்சுக்காக அது படும் பாடு.

நெதர்லாந்து நாட்டில் இதற்கு ஒரு கணக்கே வைத்திருக்கிறார்கள். தலையோடு ஒப்பிடும்போது மூக்கின் நீளம் குறிப்பிட்ட அளவைவிடக் குறைவாக இருந்தால், அந்த நாயை இனப்பெருக்கம் செய்ய அங்கே அனுமதி இல்லை.

எப்படி நடக்க வைப்பது?

அப்படியானால் வீட்டிலேயே கட்டிப்போடலாமா? அதுவும் தவறு. நடக்காத நாய்க்கு உடம்பு பெருக்கும். பெருத்தால் மூச்சு இன்னும் முட்டும். வளர்ந்த பக் நாயின் எடை 6 முதல் 8 கிலோ வரை இருந்தால் நல்லது. மக்ரூனை நீங்கள் சாப்பிடுங்கள், அதற்குக் கொடுக்காதீர்கள்!

* வெயில் ஏறும் முன் அதிகாலையிலும், தரை ஆறிய பிறகு மாலையிலும் நடக்க வையுங்கள். ஒரு தடவைக்குப் பத்து, பதினைந்து நிமிடம் போதும். உங்கள் நாய்க்கு எவ்வளவு நேரம் சரி என்று கால்நடை மருத்துவரிடமும் கேட்டுக்கொள்ளுங்கள்.

* கிளம்பும் முன் புறங்கையைத் தரையில் வைத்து ஏழு வரை எண்ணுங்கள். உங்கள் கை பொறுக்காவிட்டால், அதன் பாதமும் பொறுக்காது.

* கழுத்துப் பட்டையில் கயிறு கட்டி இழுத்தால் தொண்டை நெரிபடும். மார்பைச் சுற்றிப் போடும் பட்டையே நல்லது. கடையில் 'ஹார்னஸ்' என்று கேளுங்கள்.

* முத்துநகர் கடற்கரைக்குக் கூட்டிப் போனால், கால் புதையும் மணலில் ஓட விடாதீர்கள். கடலில் இறக்கவே இறக்காதீர்கள். முகம் தட்டையாக இருப்பதால், மூக்கைத் தண்ணீருக்கு மேலே வைத்திருக்க அது திணறும்.

* குடிக்கத் தண்ணீர் கொண்டுபோங்கள். சைக்கிளில் கட்டி ஓட வைக்காதீர்கள்.

ஆபத்தின் அடையாளங்கள்

நாயின் இயல்பான உடல் வெப்பம் 101 முதல் 102.5 டிகிரி பாரன்ஹீட். அது 106 டிகிரியைத் தொட்டால் உயிருக்கே ஆபத்து. இளைப்புச் சத்தம் கரகரவென்று மாறுவது, கெட்டியான எச்சில் ஒழுகுவது, நாக்கு நீலம் பூப்பது, வாந்தி, தள்ளாட்டம். இவற்றில் ஒன்றைப் பார்த்தாலும் உடனே நிறுத்துங்கள். பெரியவர்களைக் கூப்பிடுங்கள். நிழலுக்குத் தூக்கிப் போய், உடம்பெல்லாம் தண்ணீர் ஊற்றி விசிறுங்கள். மூக்கிலும் வாயிலும் ஊற்ற வேண்டாம். ஈரத்துணியால் போர்த்தி மூடவும் வேண்டாம். உள்ளே சூடு தங்கிவிடும். பிறகு தாமதிக்காமல் கால்நடை மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும். கொஞ்சம் தேறிவிட்டதே என்று வீட்டிலேயே இருந்துவிடக் கூடாது.

முத்துக்குளிப்பவரின் கயிறு

தூத்துக்குடிக் கடலில் 1961 வரை முத்துக்குளிப்பு நடந்தது. கல் கட்டிய கயிற்றின் துணையால் கடலடிக்குப் போகிறவர், மூச்சு முட்டும் நேரத்தில் கயிற்றை அசைப்பார். தோணியில் இருப்பவர் உடனே மேலே இழுத்துவிடுவார். அவருடைய கவனத்தை நம்பித்தான் கீழே ஓர் உயிர் இருந்தது.

பக் நாய்க்கு அப்படிக் கயிற்றை அசைத்துச் சொல்லத் தெரியாது. உங்கள் மேல் உள்ள பாசத்தால், மூச்சு முட்டினாலும் பின்னாலேயே வரும். விளம்பரத்தில் நாம் ரசித்த அந்தக் குணம்தான் அதற்கு ஆபத்தும்கூட. 'போதும்' என்று அது சொல்லாது. நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

அதனால், நடக்கும்போது ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை நின்று, அதன் மூச்சைக் கவனியுங்கள். பக் நாய் வளர்க்கும் நண்பர்களுக்கும் இதைச் சொல்லுங்கள். செய்வீர்கள்தானே, குழந்தைகளே?