எதிர்ப்பாற்றல் குறைந்தோருக்குக் கழுத்தின் ஆழத்தில் உண்டாகும் சீழ்த்தொற்று

கழுத்துத் தசைகளுக்கு இடையே மெல்லிய சவ்வுகளால் சூழப்பட்ட இடைவெளிகள் உள்ளன. சொத்தைப் பல், டான்சில் அழற்சி முதலியவற்றிலிருந்து கிருமிகள் அங்கே சென்றால் சீழ் கட்டும். பெரியவர்களுக்குப் பெரும்பாலும் கீழ்க் கடைவாய்ப் பல்லே தொடக்கமாகும்.

கட்டுப்பாடற்ற நீரிழிவு, கீமோதெரபி, உறுப்பு மாற்றத்திற்குப் பிந்தைய மருந்துகள், நெடுநாள் ஸ்டீராய்டு ஆகியவற்றால் எதிர்ப்பாற்றல் குன்றியவர்களிடம் இத்தொற்று விரைந்து பரவும். அடையாளங்களோ மங்கித் தோன்றும். காய்ச்சலும் சிவந்த வீக்கமும் உடல் கிருமியை எதிர்ப்பதால் விளைபவை. எதிர்ப்புக் குறைந்தால் அவையும் குறையும். ஆகவே, காய்ச்சல் இல்லை என்று காத்திருத்தல் கூடாது. சுளுக்கு எனக் கருதிக் கழுத்தை உருவிவிடுவதும், வீட்டில் மிஞ்சிய ஆன்டிபயாடிக் மாத்திரையை உட்கொள்வதும் நோயறிதலைத் தாமதப்படுத்தும்.

வாயை முழுமையாகத் திறக்க இயலாமை, விழுங்கும்போது வலி, கழுத்தைத் திருப்ப முடியாமை, குரல் மாற்றம் ஆகியவற்றுள் ஒன்று இருப்பினும் அன்றே மருத்துவமனைக்குச் செல்லவும். எச்சில் ஒழுகினாலோ, நாக்கு மேலெழும்பினாலோ, மூச்சுத் திணறினாலோ 108 ஆம்புலன்ஸை அழைக்கவும். நோயாளியைப் படுக்க வைக்காமல், அவருக்கு எளிதான நிலையில் அமர்த்தவும். உணவோ நீரோ தர வேண்டா.

மருத்துவர்கள் முதலில் மூச்சுப்பாதையைக் காப்பர். பின்னர் சி.டி. ஸ்கேன் மூலம் சீழ் எவ்வளவு தூரம் இறங்கியுள்ளது என அறிவர். அது மார்புக்கூட்டை எட்டினால் உயிருக்கே ஆபத்து. சிரைவழி மருந்தும், தேவையெனில் சீழை வடிக்கும் அறுவையும் அளிக்கப்படும். நீரிழிவு நோயாளிகளிடம் கிளெப்சியெல்லா கிருமி அடிக்கடி காணப்படுவதால் சீழின் ஆய்வு முடிவைக் கொண்டு மருந்து மாற்றப்படலாம். உட்கொள்ளும் மருந்துகள் அனைத்தின் பட்டியலையும் உடன் கொண்டு செல்லவும். ஸ்டீராய்டைத் தாமாக நிறுத்த வேண்டா.

கீமோதெரபியோ உறுப்பு மாற்றமோ திட்டமிடப்பட்டிருப்பின், அதற்கு முன்பே பற்களைப் பரிசோதித்துக்கொள்ளவும்.