எஞ்சினைப் பிரிக்க முன்

1990களில் பொருளாதாரத் தடையால் யாழ்ப்பாணத்தில் பெற்றோல் இல்லை. அப்பாவின் ஒஸ்ரின் ஏ40 மண்ணெண்ணெயில் ஓடியது. காபரேற்றருக்குள் சில துளி பெற்றோல் விட்டு ஸ்ராட் பண்ணி, எஞ்சின் சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார். சரியாக எரியாத மண்ணெண்ணெய் பிளக்கில் கரியாகப் படியும். எஞ்சின் ஒயிலிலும் கலந்து அதன் பிடிப்பைக் குறைக்கும். அதனால் பிளக் கழற்றித் துடைப்பது எங்கள் வீட்டில் அன்றாட வேலை.

அப்பா இப்போது இல்லை. கார் நிற்கிறது, கடந்த மாரியில் அது ஸ்ராட் ஆகவில்லை. எஞ்சினைப் பிரிக்கவேண்டும் என்றார் கராச்காரர். அவ்வளவு காசு என்னிடம் இல்லை. அப்பாவின் ஒழுங்கிலேயே பார்த்தேன்.

முதலில் பற்றரி. ஹெட்லைற்றைப் போட்டுக்கொண்டு ஸ்ராட் பண்ணும்போது வெளிச்சம் அணைவதுபோல் மங்கினால் பற்றரியோ அதன் இணைப்புகளோ பழுது. எனக்கு அப்படி மங்கவில்லை.

அடுத்தது பிளக். கழற்றிப் பார்த்தேன், பெற்றோலில் நனைந்திருந்தது. எரிபொருள் வருகிறது, தீ பற்றவில்லை என்பதே அதன் பொருள்.

நனைந்த பிளக்கைத் துடைத்து, வயரோடு எஞ்சின் இரும்பில் தொடவைத்துச் சுற்றவிட்டேன். (வெறுங்கையால் பிடிக்கவேண்டாம், பெற்றோல் கிட்ட இருக்கக்கூடாது.) நீலப்பொறி வரவேண்டும், வந்ததோ மெலிந்த மஞ்சள்பொறி. டிஸ்ரிபியூட்டர் மூடியைத் திறந்தால் பொயின்ற் கருகியிருந்தது. கொண்டென்சர் பழுதானால் அப்படித்தான் கருகும்.

பெருவிரலளவு கொண்டென்சரையும் பொயின்றையும் மாற்றினேன். கார் ஓடியது. எஞ்சினுக்கு ஒன்றுமில்லை.