மே மாசம் தானா கொதிக்கும் பாட்டில்!

கெமிஸ்ட்ரி லேபுக்குள்ள நுழைஞ்சதும் லேசா இனிப்பு கலந்த ஒரு வாசனை, கொஞ்சம் கிறுகிறுப்பு... வந்திருக்கா? டை எத்தில் ஈதர்தான் அது. 1846 அக்டோபர் 16-ல், அமெரிக்காவின் பாஸ்டன் நகர ஆஸ்பத்திரியில் மார்ட்டன் என்ற பல் டாக்டர், இதை முகரவைத்துத்தான் ஒரு நோயாளியை ஆபரேஷனுக்கு மயங்க வைத்தார். இன்று நம் லேபில் அதற்கு வேற வேலை. தண்ணீரோடு அதிகம் கலக்காது. கரிமப் பொருட்களைச் சட்டென்று கரைத்துக்கொள்ளும். வேலை முடிந்ததும் தானே ஆவியாகிப் போய்விடும். கிரிக்னார்டு வினை செய்யும் எம்.எஸ்ஸி. பார்ட்டிகளுக்கு இது இல்லாமல் ஆகாது.

அந்த 'தானே ஆவியாகிற' குணம்தான் வில்லன். ஈதரின் கொதிநிலை 34.6 டிகிரி. நம்ம உடம்புச் சூடே 37! வேலூரில் மே மாச வெயில் 40-ஐத் தாண்டும்போது அடுப்பே இல்லாமல் கொதிக்கும். தீப்பொறி பட்டால் பற்றிக்கொள்ள மைனஸ் 45 டிகிரி குளிரிலேயே போதுமான ஆவி கிளம்பிவிடும்.

நான் படிச்சப்போ நடந்தது இது. ஃப்ரெண்ட் ஒருத்தன் செப்பரேட்டிங் ஃபனலில் ஈதரைக் குலுக்கிக்கிட்டு இருந்தான். அவன் பக்கத்துல நெருப்பே இல்லை. மேஜையின் அந்தக் கோடியில யாரோ பர்னரைப் பத்த வெச்சாங்க. அவ்வளவுதான், மேஜை மேலேயே நீலமா ஒரு தீ ஓடி வந்துச்சு! புருவம் கருகினதோட தப்பிச்சான். ஈதர் ஆவி காற்றைவிட இரண்டரை மடங்கு கனம். மேலே போகாது, பாம்பு மாதிரி தரையோடு ஊர்ந்து நெருப்பைத் தேடிப் போகும்.

அதனால, 'என் பக்கத்துல நெருப்பில்லையே'ங்கற கணக்கு இங்கே செல்லாது. ஃப்யூம் ஹுட்டுக்குள்ள வெச்சுத்தான் வேலை. சூடாக்கணும்னா வேற இடத்துல காய்ச்சின வெந்நீர். பர்னர் மட்டுமில்லை, ஹாட் பிளேட்டும் கூடாது; 200 டிகிரிக்குக் கீழேயே பொறி இல்லாமல் தானாகப் பற்றிக்கொள்ளும். வீட்டு ஃப்ரிஜ்ஜில் வைக்கறதும் தப்பு, உள்ளே இருக்கிற ஸ்விட்ச்சின் பொறி போதும். பத்திக்கிச்சுன்னா தண்ணி ஊத்தாதீங்க. ஈதர் மிதந்துக்கிட்டே எரியும். கார்பன் டை ஆக்ஸைடு சிலிண்டர் எங்கே தொங்குதுன்னு முதல் நாளே பார்த்து வைங்க. மிச்சத்தை சிங்க்கில் கொட்டவே கூடாது!

இன்னொண்ணு, அலமாரி மூலையில் தூங்கற பழைய பாட்டில். காற்றும் வெளிச்சமும் பட்டுப் பட்டு ஈதருக்குள் பெராக்ஸைடு சேரும். நெருப்பே வேண்டாம், ஆட்டினாலே வெடிக்கலாம். அதனாலதான் ஈதரை வடிக்கும்போது கடைசிச் சொட்டு வரை வற்ற விடமாட்டாங்க. பாட்டிலைத் திறந்த தேதியை லேபிள்ல எழுதுங்க. மூடி ஓரமா வெள்ளையா உப்புப் பூத்த மாதிரி தெரிஞ்சா தொடாதீங்க, திறக்காதீங்க. எல்லோரையும் வெளியே அனுப்பிட்டு சாரைக் கூப்பிடுங்க.