குடாநாட்டுச் சுண்ணக்கல்லும் தரைக்கீழ் நீரும்

மலையும் கடலும் என்றும் ஒரு தன்மையாய் உள்ளவை போலத் தோன்றினும், அவை யாவும் தோற்றமும் மாற்றமும் உடையன. மழைநீர் கல்லைக் கரைத்தலும், ஆறு மண்ணைச் சுமந்து கடலிற் சேர்த்தலும் மிக மெதுவாக நடைபெறுஞ் செயல்கள். ஒருவர் வாழ்நாளில் அவற்றின் பயன் புலப்படுவதில்லை. ஆயினும், இச்சிறு செயல்களே நெடுங்காலம் தொடருமாயின் நிலத்தின் உருவத்தை மாற்றவல்லன என்பதை ஸ்கொத்லாந்து அறிஞர் ஜேம்ஸ் ஹட்டன் 1788இல் வெளிவந்த தம் ஆய்வில் விளக்கினார். புவிச்சரிதவியலுக்கு அடிப்படையாய் அமைந்த கருத்து இதுவே.

புவியின் வயது ஏறத்தாழ 454 கோடி ஆண்டுகள். இப்பேரெண்ணை ஓராண்டாகச் சுருக்கிக் கொண்டால் அதன் பொருள் தெளிவாகும். ஜனவரி முதலாந் திகதி புவி தோன்றிற்று எனக் கொள்வோமாயின், இலங்கை நிலப்பரப்பில் பத்தில் ஒன்பது பங்குக்கு அடித்தளமாயுள்ள பழம்பாறைகள் நவம்பர் நடுப்பகுதிக்கு முன்னரே உருவாகிவிட்டன. யாழ்ப்பாணக் குடாநாட்டின் சுண்ணக்கல்லோ டிசெம்பரின் இறுதி இரு நாள்களிலேதான் படிந்தது. மனிதன் எழுதக் கற்றது கடைசி அரை நிமிட அளவிலேயாம்.

இச்சுண்ணக்கல் மயோசீன் காலத்துக்குரியது. இற்றைக்கு 2 கோடி 30 இலட்சம் ஆண்டுகளுக்கு முன் தொடங்கி 53 இலட்சம் ஆண்டுகளுக்கு முன் முடிவுற்ற அக்காலத்தில், இன்றைய குடாநாடு ஆழங்குறைந்த கடலாயிருந்தது. கடல்வாழ் உயிர்களின் ஓடுகளும் சுண்ணச் சேறும் அதன் அடியில் அடுக்கடுக்காய்ப் படிந்து இறுகிக் கல்லாயின. பின்னர் அக்கல் கடல் மட்டத்துக்கு மேல் வெளிப்பட்டு நிலமாயிற்று.

அன்று முதல் மழை தன் தொழிலைத் தொடங்கிற்று. மழைநீர் வளியிலும் மண்ணிலுமுள்ள காபனீரொட்சைட்டைக் கரைத்து மென்மையான அமிலமாகிறது. அந்நீர் சுண்ணக்கல்லின் வெடிப்புக்களில் இறங்கி, அவற்றைக் கரைத்து அகலச் செய்து, காலப்போக்கில் குகைகளையும் உண்டாக்குகிறது. குகையின் மேற்கூரை இடிந்து வீழ்ந்தமையால் உண்டானதே, ஆழங்காண இயலாதது என மக்கள் கருதிவந்த நிலாவரைக் கிணறு. கடற்கரையை ஒட்டிய கீரிமலையில் நன்னீர் ஊறுவதும் இத்தகைய நிலக்கீழ் வழிகளினாலேயே.

ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு ஒன்றேனும் இல்லாத குடாநாட்டுக்கு இக்கல்லே நீர்த்தேக்கமாகும். வடகீழ்ப் பருவக்காற்றுத் தரும் மழைநீர் கல்லினுட் புகுந்து, அங்கு பரவியுள்ள உவர்நீரின் மேல் மிதந்து நிற்கிறது. உவர்நீரிலும் நன்னீர் சிறிது இலேசானது என்பதே காரணம். இவ்விரு நீர்களின் சமநிலையை ஒல்லாந்தரான கைபன் 19ஆம் நூற்றாண்டின் இறுதியிலும், ஜேர்மானியரான ஹேர்ஸ்பேர்க் 1901இலும் கணித்துக் காட்டினர். நன்னீர் கடல் மட்டத்துக்கு மேல் ஓரடி உயர்ந்து நிற்குமாயின், அம்மட்டத்துக்குக் கீழே ஏறத்தாழ 40 அடி ஆழம்வரை நன்னீர் இருக்கும். எனவே, அளவின்றி இறைத்து நீர்மட்டத்தை ஓரடி தாழ்த்தினால், காலப்போக்கில் உவர்நீர் 40 அடி மேலெழும். துலாவினால் இறைத்த காலத்தில் மனிதனின் உடல்வலியே இறைப்புக்கு எல்லை வகுத்தது. இயந்திரத்துக்கு அவ்வெல்லை இல்லை.

வேறோர் இடரும் உண்டு. மழைநீரை விரைந்து உள்வாங்கும் வெடிப்புக்கள் அழுக்கையும் அவ்வாறே உள்வாங்கும். தோட்டங்களில் மிகையாக இடப்படும் செயற்கை உரமும் மலக்குழிக் கசிவும் கிணற்றை அடைகின்றன. குடாநாட்டுக் கிணறுகள் பலவற்றில் நைத்திரேற்று மிகுந்திருத்தலை ஆய்வுகள் காட்டியுள்ளன. அது மிகுந்த நீர், கைக்குழந்தைகளின் குருதி ஒட்சிசனைச் சுமக்கும் ஆற்றலைக் குறைக்க வல்லது.

கல் உருவாக இலட்சக்கணக்கான ஆண்டுகள் சென்றன. அதனுள் தங்கும் நீரோ ஆண்டுதோறும் ஒரு பருவ மழையாற் புதுப்பிக்கப்படுவது. முன்னது பெருஞ்செல்வம், பின்னது அதன் வருவாய். வருவாயின் அளவறிந்து செலவிடுதலும், குளங்களையும் கேணிகளையும் தூர்வாரி மழைநீரை நிலத்துள் இறங்கச் செய்தலும், கிணற்றைச் சூழ்ந்த நிலத்தைத் தூய்மையாகப் பேணுதலும் குடாநாட்டு மக்களின் கடமைகளாம்.